ஸ்க்ரோல் சோவில் தமிழ்ப் பெயர்ப் பலகை: புள்ளியை எங்கே நிறுத்துவது?

மரத்தூள், ஹட்டன்

வணக்கம். மலையகத்தில் ஸ்க்ரோல் சோ வைத்து வேலை செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று இந்த மன்றத்தின் பழைய இழைகளில் பார்த்தேன். உங்களிடம் பெயர்ப் பலகை பற்றிப் பேச வேண்டும்.

இந்த மெசினைப் பார்க்காதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. தையல் மெசின் ஊசியைப் போல மெல்லிய பிளேட் ஒன்று மேலும் கீழும் ஓடும். பிளேட் நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையை மேசையில் வைத்து நாம்தான் திருப்ப வேண்டும். பிளேட்டின் ஒரு முனையைக் கழற்றி, பலகையில் போட்ட சிறு துளை வழியாகக் கோர்த்து மறுபடி மாட்டினால், ஓரத்தைத் தொடாமலே நடுவில் வெட்டலாம். ஜிக்சோவில் இந்த அளவு நுணுக்கம் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து வெட்ட இரண்டு வழி. ஒன்று, எழுத்தையே பலகையிலிருந்து எடுத்துவிடுவது. எழுத்து இருந்த இடம் திறந்திருக்கும், பின்னால் விளக்குப் போட்டால் ஒளி வரும். மற்றது, சுற்றியுள்ள மரத்தை எடுத்துவிட்டு எழுத்தை நிற்க விடுவது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு முதல் வழியில் மட்டும்தான் தொல்லை. நமக்கு இரண்டிலும் இருக்கிறது.

முதல் வழியில் ப, ட, ர, ய எல்லாம் சுகமாக வந்துவிடும். அ, ம, வ, ழ வந்தால் சுழிக்குள் அடைபட்ட துண்டு பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும், அதற்கு ஒரு பாலம் விட வேண்டும். இரண்டாவது வழியில் அந்தத் துண்டு விழுவதுதான் நமக்கு வேண்டும், ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்கும். கொம்பும் காலும் தனியாக நிற்கும். 'வீடு' என்று வெட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். 'அன்னை இல்லம்' என்று கேட்டால் ன், ல், ம் மூன்றுக்கும் புள்ளி, மூன்றும் பிடிப்பில்லாமல் இருக்கும்.

இப்போது நான் செய்வது, கீழே ஒரு பட்டி வைத்து எல்லா எழுத்தையும் அதன்மேல் நிற்க வைத்து வரைவது. கொம்பும் காலும் அதோடு சேர்ந்துவிடும். புள்ளியை எழுத்தின் தலையோடு ஒரு கழுத்தால் இணைக்கிறேன். 6 மில்லிமீட்டர் பிளைவூட்டில் கழுத்து 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். நிற்கிறது, வாசிக்கவும் முடிகிறது. ஆனால் புள்ளி எழுத்தோடு ஒட்டிய குமிழாகத் தெரிகிறதே தவிர புள்ளியாகத் தெரியவில்லை. வீதியில் போகிற ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தாலும் எழுத்து அழகாக, சரியாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

புதுக்கை, கொட்டகலை

அண்ணா, இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன். எனக்கு இன்னும் மெசினே இல்லை. கொழும்பில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புதியது, முனைகளில் 'பின்' (குறுக்குக் கம்பி) வைத்த பிளேட் மட்டும்தான் போடலாம் என்கிறார்கள். மற்றது வெளிநாட்டிலிருந்து வந்த பழையது, நல்ல கனமான மெசின், ஆனால் 120 வோல்ட். பெயர்ப் பலகை வெட்டத்தான் எனக்கும் ஆசை. எதை எடுப்பது?

மரத்தூள், ஹட்டன்

தம்பி, எழுத்து வெட்டுவதாக இருந்தால் பின் பிளேட் மெசினை எடுக்க வேண்டாம். பிளேட்டின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு சிறு கம்பி இருக்கிறது அல்லவா, அது நுழைவதற்கு 5 மில்லிமீட்டர் அளவில் துளை போட வேண்டும். நடுத்தர அளவு 'ம' ஒன்றின் சுழிக்குள் அவ்வளவு பெரிய துளை போட்டால் சுழியே போய்விடும். பின் இல்லாத சாதாரண பிளேட்டுக்கு 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் துளை போதும். இரண்டு வகையும் 5 அங்குல நீளம்தான். சில மெசின்களுக்குச் சாதாரண பிளேட் பிடிக்கிற கிளிப் தனியாகக் கிடைக்கும், கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

120 வோல்ட் மெசினுக்கு 230ஐக் குறைக்கிற டிரான்ஸ்போமர் வேண்டும். இந்த மெசின்கள் பல 200 வாட்டுக்கும் குறைவாகவே கரண்ட் எடுக்கும், அதனால் 500 வாட் டிரான்ஸ்போமர் தாராளம். ஆனால் மோட்டார் என்ன வகை என்று பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டீசி மோட்டார் என்றால் கவலை இல்லை. ஒரே வேகத்தில் ஓடுகிற இண்டக்ஷன் மோட்டார் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்ததாக இருந்தால் நம்முடைய 50 ஹேர்ட்ஸில் மெதுவாக ஓடும்.

நேரில் போகும்போது மேல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பிளேட் பிடிக்கிற திருகின் மரை அழிந்திருக்கிறதா பாருங்கள். பிளேட்டுக்கும் பின்னால் இருக்கிற கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்து கொள்ளுங்கள். 16 அங்குலம் என்றால் இரண்டடிப் பலகையை இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றித் திருப்பித்தான் வெட்ட வேண்டி வரும். செய்யலாம், கொஞ்சம் யோசித்து வரிசைப்படுத்த வேண்டும்.

ஊசியிலை, நானுஓயா

எந்த மெசினாக இருந்தாலும் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அடியில் ரப்பர் போடுங்கள். அதிர்வு குறைந்தால் வளைவு சுத்தமாக வரும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். சுவர் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். இரவில் ஓட்டினால் அவர்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

சீவுளி, மாத்தளை

தம்பி மரத்தூள், உங்கள் இழையை மகன் வாசித்துக் காட்டினான். நான் பரம்பரைத் தச்சு வேலைக்காரன். மெசின் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. மரம் பற்றிச் சொல்கிறேன்.

பெயர்ப் பலகை நீளமானது. நீளப் பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடும். புள்ளியின் கழுத்து மேலும் கீழுமாக நிற்கும். அப்படியென்றால் கழுத்தில் நார் குறுக்கே போகிறது, நீளம் வெறும் மூன்று மில்லிமீட்டர். அந்த இடம் எந்த மரமாக இருந்தாலும் உடையும், தேக்காக இருந்தாலும் உடையும். நீங்கள் பிளைவூட்டில் செய்வதால் தப்பித்து வந்திருக்கிறீர்கள். பிளைவூட்டில் ஒரு தாள் நீளவாட்டிலும் அடுத்தது குறுக்கேயும் ஒட்டியிருக்கும், அதனால் எல்லாப் பக்கமும் ஓரளவு பலம் உண்டு.

நல்ல மரத்தில்தான் செய்வேன் என்றால் இரண்டு வழி. சின்னச் சின்னப் பலகைகளை நார் மேலும் கீழுமாக வருகிறபடி நிறுத்தி, பக்கத்தில் பக்கம் ஒட்டி, ஒரு நீளப் பலகை ஆக்குங்கள். அப்போது எழுத்தின் நிமிர்ந்த கோடுகள் எல்லாம் நாரோடு போகும், கழுத்தும் நிற்கும். கீழே போடுகிற பட்டி மட்டும் குறுக்கு நாராகிவிடும், அதை அகலமாக விட வேண்டும்.

இன்னொரு வழி, புள்ளியை இணைக்கவே வேண்டாம். பின்பலகை ஒன்று வைத்து எழுத்தை அதில் ஒட்டுங்கள். புள்ளி வர வேண்டிய இடத்தில் துளை போட்டு, உருண்டையாகச் சீவிய முளையைப் பசை தடவி இறக்குங்கள். எழுத்து மகோகனி, புள்ளி முதிரை. சிவந்த மரத்துக்கு மேல் மஞ்சள் முத்து நிற்கும். நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன்.

மரத்தூள், ஹட்டன்

ஐயா, நார் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய உதவி. கழுத்தின் திசையும் பலகையின் திசையும் எதிரெதிராக இருப்பதை இப்படி யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

முளை யோசனை அழகானது, ஆனால் ஒரு குறை சொல்ல விடுங்கள். பின்பலகை வந்துவிட்டால் எழுத்தின் இடைவெளி வழியாகச் சுவரும் வெளிச்சமும் தெரியாது. மாலை வெயிலில் எழுத்தின் நிழல் சுவரில் விழுவதுதான் இந்த வேலைக்கே உயிர் என்று நினைக்கிறேன். உள்ளே மாட்டுகிற பலகைக்கு உங்கள் முறை, வாசலில் தொங்குகிற பலகைக்கு வேறு முறை என்று வைத்துக்கொள்ளலாமா?

பலா மரத்தில் முளை செய்யலாமா என்று இன்னொருவர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். புதிதாக வெட்டும்போது பலா நல்ல மஞ்சள், ஆனால் வருடம் போகப் போகத் தேன் நிறம், பிறகு பழுப்பு. மகோகனிப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும். ஐயா முதிரை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

கோலப்பொடி, பண்டாரவளை

நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். மெசின் இல்லை, ஆனால் இந்த இழையை விட முடியவில்லை.

ஏட்டில் எழுதியவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால் ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமலே எழுதினார்கள். வாசிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். நாம் அப்படி விட முடியாது, 'அன்னை' புள்ளி இல்லாமல் 'அனனை' ஆகிவிடும்.

மரத்தூள், நீங்கள் கழுத்தை எழுத்திலிருந்து மேலே கொண்டு போகிறீர்கள். மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள். கீழே ஒரு பட்டி இருப்பதுபோல மேலேயும் ஒரு பட்டி வையுங்கள். புள்ளி அந்த மேல் பட்டியிலிருந்து தொங்கட்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி திறந்திருக்கும். கண் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். இடைவெளி இருந்தால் அது புள்ளி, இல்லாவிட்டால் குமிழ். வீ, டி, கீ மாதிரி மேலே விசிறி போகிற எழுத்துகள் மேல் பட்டியைத் தொட்டுக்கொள்ளும், பலகைக்கும் பலம். எழுத்து உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் புள்ளியின் குறுக்களவு 12 மில்லிமீட்டர், எழுத்திலிருந்து இடைவெளி 6 மில்லிமீட்டர் வைத்துப் பாருங்கள். கடதாசியில் வெட்டி, ஜன்னலில் ஒட்டி, முற்றத்திலிருந்து பார்த்தேன். நன்றாக வாசிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சிக்குக் கோலத்தை ஸ்க்ரோல் சோவுக்கு யாரும் எடுத்திருக்கிறீர்களா? கோட்டை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தடித்து வரைந்து, இடைப்பட்ட இடத்தை எல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே துண்டு. கோடு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போவதால் எல்லா இடமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும், பாலம் எதுவும் தேவையில்லை. புள்ளி வைத்துக் கோடு சுற்றுகிறோம் அல்லவா, அந்தப் புள்ளி இருக்கிற இடம் முழுவதும் வெட்டி எடுக்க வேண்டிய இடம். அதாவது புள்ளிக் கோலத்தின் புள்ளிகள்தான் உங்கள் டிரில் துளைகள். நேர்ப்புள்ளி ஐந்துக்கு ஐந்து போட்டால் இருபத்தைந்து துளை, அளந்து குறிக்கவே வேண்டாம், கோலமே குறித்துக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இதை வெட்டிக் காட்ட யாராவது முன்வந்தால் நான் வரைந்து தருகிறேன்.

மரத்தூள், ஹட்டன்

டீச்சர், மேல் பட்டி! வரைந்து பார்த்துவிட்டேன், இதுதான் நான் தேடியது. நாளைக்கே வெட்டுகிறேன். கோலமும் நான் வெட்டித் தருகிறேன், கட்டாயம் வரைந்து அனுப்புங்கள். புள்ளிகளுக்கு வெளியே, கோடுகளுக்கு நடுவே வருகிற சின்னச் சின்ன வைர வடிவ இடங்களுக்கும் துளை வேண்டும் என்று நினைக்கிறேன். அவற்றை முதலில் வெட்டி, பெரிய இடங்களைக் கடைசிக்கு வைத்தால் பலகை முடிகிற வரைக்கும் விறைப்பாக இருக்கும்.

ஒளிவெட்டு, கண்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் லேசர் மெசின் வைத்து வேலை செய்கிறேன். ஒரு கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் ஒரு பலகைக்கு மாலை முழுவதும் உட்காருகிறீர்கள். அதே வேலையை லேசர் சில நிமிடத்தில் செய்கிறது. கோடு ஒரு முடியளவும் விலகாது. வாடிக்கையாளரும் காத்திருக்க வேண்டியதில்லை. இதில் வருமானம் பார்க்க நினைக்கிற இளைஞர்களுக்கு ஸ்க்ரோல் சோவைக் காட்டுவது சரியா?

சீவுளி, மாத்தளை

நியாயமான கேள்வி. மெல்லிய எம்டிஎஃப், அக்ரிலிக், மூன்று மில்லிமீட்டர் பிளைவூட், இவை எல்லாம் உங்கள் வேலை. அதில் கைவேலைக்காரர் போட்டி போடக் கூடாது. ஒரே மாதிரி நூறு வேண்டும் என்றாலும் உங்களிடம்தான் வர வேண்டும்.

ஆனால் முக்கால் அங்குல மகோகனியில் எழுத்து வெட்டச் சொன்னால் சிறிய லேசர் என்ன செய்யும்? ஓரம் கரியாகும். அந்தக் கரியைச் சுரண்டி எடுக்க யாராவது உட்கார வேண்டும். ஸ்க்ரோல் சோவில் ஒன்றரை அங்குல மரமும் வெட்டலாம், வெட்டின முகம் மரத்தின் நிறத்திலேயே இருக்கும். தரமான பிளேட் என்றால் சாண்ட் பேப்பர் தொட வேண்டிய அவசியம்கூடக் குறைவு.

மரத்தூள், ஹட்டன்

கண்டி நண்பருக்கு, வருமானம் பற்றி நீங்கள் கேட்டது முக்கியம். என் எண்ணத்தை நேராகச் சொல்கிறேன். இதை வயிற்றுப்பாட்டுக்கு ஒரே வழியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மனிதன் ஒரு மணி நேரம் ஒரு கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான், கை மெதுவாகத் திரும்புகிறது, மனம் வேறு எங்கும் போவதில்லை. அதற்காகத்தான் இந்த மெசின் முன்னால் உட்காருகிறேன். அதில் ஒரு பலகை விற்றால் சந்தோஷம்.

நீங்களும் நாங்களும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. டீச்சர் சொன்ன மேல் பட்டி முறையில் எழுத்துகளை வரைந்து வைத்தால் அது லேசருக்கும் பயன்படும். புள்ளி விழுகிற தொல்லை உங்களுக்கும் உண்டுதானே?

ஒளிவெட்டு, கண்டி

உண்டு, நிறையவே உண்டு. இப்போது எல்லாவற்றையும் பின்பலகையில் கையால் ஒட்டித்தான் கொடுக்கிறேன். வரைபடம் கிடைத்தால் கணினியில் சுத்தமாக்கி எல்லோருக்கும் போட்டுவிடுகிறேன்.

ஊவாக் காற்று, பதுளை

மெசின், எழுத்து எல்லாம் பேசிவிட்டீர்கள், மரம் காய்ந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் முதல் கேள்வி அதுதான்.

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் மரமும் ஈரத்தை வைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 வீதம் என்றால் மரம் ஏறக்குறைய 12 வீதத்தில் வந்து நிற்கும். 80 வீதம் என்றால் 16க்குக் கிட்ட. வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையில் வெட்டின பலகை ஒன்றைக் கொழும்பில் ஏசி அறையில் மாட்டினால் அது சுருங்கும், ஒட்டின இடம் திறக்கும், மெல்லிய கழுத்துகள் வெடிக்கும்.

தேயிலைக்காரர்களுக்குக் காலநிலை தெரியும். ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும், அந்தக் காலத்துத் தேயிலைக்குத்தான் நல்ல விலை. டிம்புள்ளைப் பக்கம் அது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தேயிலைக்கு நல்ல வாசனை தருகிற அதே வறட்சி மரம் காயவும் நல்லது. அதனால் நான் சொல்வது, உங்கள் பக்கத்து நல்ல தேயிலைக் காலத்தில் மரத்தை அடுக்கிக் காய வையுங்கள், மழைக்காலத்தில் வரைந்து கொண்டிருங்கள்.

அடுக்கும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே தடிப்பான குச்சிகள் வையுங்கள், ஒரு குச்சிக்கு நேர் மேலே அடுத்த குச்சி. பலகையின் இரண்டு தலையிலும் பெயின்ட் பூசுங்கள், தலை வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், அங்கேதான் வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் சீக்கிரம் காயும் என்று சிலர் செய்வார்கள். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்று பிளந்துவிடும். ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்த இடத்துக்கு அது காய்ந்துவிட்டது.

இஸ்தோப்பு, மஸ்கெலியா

அண்ணாமார், டீச்சர், ஐயா, எல்லோர் எழுத்தையும் வாசித்தேன். நான் லயத்தில் இருக்கிறேன். மெசின் வாங்குகிற வசதி இப்போது இல்லை. மெசின் இல்லாமல் இதைத் தொடங்க வழி இருக்கிறதா? அப்புறம், எங்கள் மலையில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். விறகுக்கு எடுக்கிறோம். அந்தக் கட்டை இரும்பாக இருக்கிறது, அதில் ஏதாவது செய்யலாமா?

சீவுளி, மாத்தளை

மகனே, மெசின் வருவதற்கு முன்னால் இந்த வேலை எல்லாமே கையில்தான் நடந்தது. யூ வடிவச் சட்டத்தில் பிளேட் பூட்டின சிறிய கைவாள் கிடைக்கும், பிரெட் சோ என்று கேளுங்கள். மெசினில் போடுகிற பின் இல்லாத 5 அங்குல பிளேட்டே அதிலும் போகும். அதனால் இன்றைக்கு வாங்குகிற பிளேட் நாளைக்கு மெசின் வந்தாலும் வீணாகாது.

பிளேட்டின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒரு பலகைத் துண்டின் முனையில் வி வடிவில் வெட்டி, மேசை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி இறுக்குங்கள். வெட்ட வேண்டிய பலகையை அந்த வி மேலே வைத்து, வாளை நேர் செங்குத்தாகப் பிடித்து, கீழே இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள். வளைவில் வாள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முன்னால் தள்ளாமல் பலகையைத் திருப்புங்கள். 4 மில்லிமீட்டர் பிளைவூட்டில் பழகுங்கள். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை எங்காவது கிடந்தால் விடாதீர்கள், ஓரத்துத் தகரத்தையும் ஆணியையும் கழற்றிவிட்டால் பழகுவதற்கு நல்ல பலகை.

தேயிலைக் கட்டை கெட்டியானது, நெருக்கமான நார். ஆனால் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும், காயும்போது வெடிக்கும், அகலப் பலகை கிடைக்காது. அதனால் எழுத்துக்கு வேண்டாம். புள்ளிக்கு எடுங்கள்! நேரான துண்டு பார்த்து, நன்றாகக் காய வைத்து, முளையாகச் சீவுங்கள். தேயிலைக் கட்டையில் செய்த புள்ளி வைத்து ஒரு மலையகத்து வீட்டுப் பலகை வந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஊசியிலை, நானுஓயா

மஸ்கெலியாத் தம்பிக்கு இன்னொரு விஷயம். விலை இல்லாமல் கிடைக்கிறது என்று தேயிலை மலைச் சவுக்கை எடுக்க நினைக்கலாம். நிழலுக்கு நடுகிற கிரேவில்லியாவைத்தான் சொல்கிறேன். கால்வாட்டில், அதாவது கட்டையின் நடுவிலிருந்து வெளிநோக்கி அரிந்தால் அதன் ரேகை வலைப்பின்னலாக வரும், பார்க்க மிக அழகு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். முழுக்கைச் சட்டை போட்டு, முகமூடி போட்டு, வேலை முடிந்ததும் கை முகம் கழுவுங்கள். துணி முகமூடி போதாது, என்95 வகை வேண்டும், ஸ்க்ரோல் சோத் தூள் மிக நுண்மையானது.

காம்பராவுக்குள், அதாவது லயத்து அறைக்குள் வேண்டவே வேண்டாம். அங்கேதான் சமையல், அங்கேதான் பிள்ளைகள் படுக்கிறார்கள். இஸ்தோப்பில், முன் திண்ணையில் உட்காருங்கள். மரம் எதுவாக இருந்தாலும் தோட்டத்து மரத்தைக் கேட்டு, அனுமதியோடு எடுங்கள். பலாவை வெட்டவும் அனுமதி வேண்டும். கருங்காலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புதுக்கை, கொட்டகலை

பழைய மெசினை எடுத்துவிட்டேன் அண்ணா! டீசி மோட்டார், டிரான்ஸ்போமரில் நன்றாக ஓடுகிறது. இரண்டு சந்தேகம். கோட்டில் நேராகத் தள்ளினாலும் பிளேட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. மெசினில் குறையா? பிளேட்டும் அடிக்கடி உடைகிறது.

மரத்தூள், ஹட்டன்

வாழ்த்துகள் தம்பி. ஒதுங்குவது மெசின் குறை இல்லை. பிளேட் செய்யும்போது ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிர் நின்றுவிடும், அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டும். பொதுவாக வலது பக்கம்தான். அதனால் பலகையைச் சற்றே சாய்த்துத் தள்ளிப் பழக வேண்டும். கொஞ்ச நாளில் கை தானாகச் செய்யும்.

உடைவதற்குக் காரணம் பல. இழுவிசை போதாமல் இருக்கலாம்: பிளேட்டை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், டொக்கென்று கேட்டால் தளர்வு. மொட்டையான பிளேட்டை வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கலாம். தேக்கில் மணற்சத்து உண்டு, பிளைவூட்டில் பசை உண்டு, இரண்டும் பல்லைச் சீக்கிரம் தின்னும். பலகையைத் தள்ள வேண்டி வந்தால் அப்போதே பிளேட்டை மாற்றுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம். பிளேட் எண் கூடக் கூடத் தடிப்பும் கூடும். 6 மில்லிமீட்டர் பிளைவூட்டுக்கு 3ஆம் எண், முக்கால் அங்குல மரத்துக்கு 5 அல்லது 7. கீழ்ப்பக்கம் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பியிருக்கிற ரிவர்ஸ் வகை கிடைத்தால் எடுங்கள், பலகையின் அடிமுகத்தில் சிலும்பு வராது. படம் ஒட்டுவதற்கு முன்னாலோ பின்னாலோ பார்சல் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள், மகோகனி கருகாது.

மேசை செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. தடித்த கட்டை ஒன்றில் கொஞ்சம் வெட்டி நிறுத்துங்கள். கட்டையை எடுத்து, பிளேட்டின் பின்பக்கமிருந்து அந்த வெட்டுக்குள் பிளேட் போகிறபடி நுழைத்துப் பாருங்கள். இடிக்காமல் நுழைந்தால் மேசை சரி. எழுத்து வெட்டுவதற்கு இது மிக முக்கியம். சாய்ந்து வெட்டினால் முன்னால் 3 மில்லிமீட்டர் இருக்கிற கழுத்து பின்னால் ஒன்றரைதான் இருக்கும்.

கோலப்பொடி, பண்டாரவளை

உயிரும் மெய்யும் மேல் பட்டி, கீழ்ப் பட்டியோடு வரைந்து முடித்துவிட்டேன். கண்டி நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன், உயிர்மெய் வரிசை அடுத்து வரும். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆசாரி ஐயா, கழுத்துகள் போதுமான அகலமா என்று நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சீவுளி, மாத்தளை

பார்த்தேன் அம்மா. மிக நல்ல கை. 'ஞ்' புள்ளி தொங்குகிற கழுத்து நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம் கூட்டுங்கள். 'ங்' புள்ளியையும் அதே அளவாக்குங்கள்.

இஸ்தோப்பு, மஸ்கெலியா

கைவாள் வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று. வாசலில் மாட்டுகிற பலகைக்கு என்ன பூசுவது? எங்கள் பக்கம் மழை தெரியும்தானே. ஆளி எண்ணெய் பூசினால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

ஊவாக் காற்று, பதுளை

ஆளி எண்ணெய் உள்ளே மாட்டுகிற பலகைக்கு நல்லது. ஈரமான வெளிச்சுவரில் அதில் கரும்பூஞ்சை பிடிக்கும். வாசலுக்கு, வெளியே பூசுகிற வகை வார்னிஷ் எடுத்து மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தரம் பூசுங்கள், நடுநடுவே 320 சாண்ட் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். வெட்டின ஓரங்களும் புள்ளியைச் சுற்றியுள்ள இடமும்தான் தண்ணீர் குடிக்கும், அங்கே ஒரு பூச்சு கூடுதலாகப் போடுங்கள். பிளைவூட் என்றால் தண்ணீர் தாங்குகிற பசையில் ஒட்டினதா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பலகை ஒரு மழைக்காலத்தில் தாள் தாளாகப் பிரிந்துவிடும். பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

உள்ளே மாட்டுகிற பலகைக்கு ஆளி எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.